நாற்பது கிலோ

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலை எடைமேடையில்
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
என் வேலை எண்களைப் படிப்பது.
வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே
அச்சு பிசகிய ரசீதுகளின் முதுகில்
ஒரு கதை எழுதுகிறேன்.

ஏழு மலை அதில். பேசும் கழுதைப்புலி.
நெடுவேளன் என்றொருவன்.
அவனை நல்லவனாக்க
எனக்கு ஒரு மாம்பருவம் முழுக்கப் பிடித்தது.
தலைக்கு வந்த கிரீடத்தைக் கிணற்றில் போடவைத்தேன்.
கொல்ல வந்தவனுக்குக் களி கிண்டிப் போடவைத்தேன்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில்
குகைக்குள் ஒரு கரும்பாறை.
தொட்டவன் சொன்னது நடக்கும்,
அவ்வளவுதான் அதன் மாயம்.
தொடமாட்டான் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன்.

தொட்டுவிட்டான்.

அடித்துவிட்டு எழுதினேன். மறுபடி தொட்டான்.
மூன்றாம் தடவை
கதையிலேயே அவன் இரண்டு கையையும் வெட்டினேன்;
நெற்றியை வைத்தான் பாறைமேல்.

பொன் காட்டியிருக்கிறேன் இவனுக்கு, நாடு காட்டியிருக்கிறேன்,
சிரித்துக்கொண்டே தாண்டிப் போனவன்.
இன்றைக்கு என்னடா கேடு உனக்கு?

ஹாரன்.
சந்தூர் மாதம்மாளின் டிராக்டர்.
பெங்களூரா மாங்காய்,
இரண்டு நாள் வரிசையில் நின்று
அடிப்பக்கம் வேர்த்து ஒழுகும் லோடு.

போன வருஷமும் இவள்தான், இப்படித்தான் நின்றாள்.
கிலோ நாலு ரூபாய்.
பறிகூலி, வண்டி வாடகை போனால்
அவளுக்கு மிஞ்சுவது கையில் ஒட்டிய பால்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
என் விரல் தானாகப் போய்
நாற்பது கிலோ கூட்டியது.
நூற்றறுபது ரூபாய். ஆலைக்கு அது ஒரு டப்பா மூடி.
அன்று காலை வீட்டுக்குப் போய்
அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

அடுத்த வாரம் கால் ஒடிந்த டிரைவருக்கு எண்பது.
பிறகு முகம் பார்க்கக் கற்றுக்கொண்டேன்,
யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்.
கணக்கு நேராகணுமே என்று
பெரிய தோப்புக்காரர் தீர்த்தகிரி வண்டியில்
அறுபதைக் கழித்தேன்.
அவர் என்னைப் பார்த்து ஒருநாளும் தலையசைத்ததில்லை
என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
ஆடி பிறப்பதற்குள்
ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் குனியும் கோணம் மாறியிருந்தது.
ஒரு பைசா வாங்கவில்லை நான்.
இதைச் சொல்லிக்கொள்ள இப்போதும் பிடித்திருக்கிறது, பாருங்கள்.

ஆக, குகைக்குள் அவன் காதில் விழுந்தது பொன்னின் சத்தமல்ல.
வெளியே காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் முனகல்.
பாறை வாயே திறக்கவில்லை.
‘இந்த ஒரு தடவை’ என்றது
அவனுடைய குரல்தான்.
காம்பைப் பிடித்துத்தானே காயைப் பறிக்கிறோம்.
அவனுக்குக் காம்பு வைத்தது நான்.
அத்தியாயம் அத்தியாயமாக, ஈரம் ஈரமாக.

மாதம்மாள் ஜன்னலுக்குள் ஒரு சீட்டை நீட்டுகிறாள்.
“வெளி மேடையில போட்டுட்டு வந்தேன் சார்.
போன வருஷமும் போட்டேன்,
உங்க மேடை நாப்பது கூடக் காட்டுச்சு.”
கொஞ்சம் நிறுத்தினாள்.
“கூடக் காட்டுற மேடை
கொறச்சும் காட்டும்ல?”

வெளிச் சீட்டில் ஆறாயிரத்து நூற்றுப் பத்து.
என் திரையிலும் ஆறாயிரத்து நூற்றுப் பத்து.
மேடை சரியாகத்தான் இருக்கிறது, அம்மா,
என்று சொல்ல வாய் வரவில்லை.
அச்சுக்குக் கொடுத்தேன்.
இரண்டு சீட்டையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்து
எண் எண்ணாக ஒத்துப் பார்த்தாள்.
முந்தியில் முடிந்துகொண்டாள்.

அவள் போனபிறகும்
விரல் அந்தச் சாவிமேலேயே இருந்தது.
மேஜையில் பாதி ரசீது,
பாறைமேல் ஆறாத நெற்றியோடு நெடுவேளன்.

அடுத்த வண்டி மேடை ஏறுகிறது.
கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒருத்தன் இறங்குகிறான்.